சாவைப் பேசும் நூல்கள்: எது யாருக்கு?

ஒரு வீட்டில் கேதம் என்றால், உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்போதெல்லாம் இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒன்று, மாலை போட்ட படத்துக்குக் கீழே "நெருநல் உளனொருவன் இன்றில்லை" என்ற குறள். இன்னொன்று, "துக்கத்தின் ஐந்து நிலைகள்" என்று யாரோ அழகாக வரைந்த அட்டவணை. அனுப்புகிறவர்களின் நல்லெண்ணத்தில் குறை இல்லை. ஆனால் பெற்ற பிள்ளையையோ கட்டிய துணையையோ பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவருக்குப் பல சமயம் இரண்டுமே எரிச்சலைத்தான் தருகின்றன. 'திருக்குறள் கூட நமக்கு ஆறுதலாக இல்லையே, நம் மனசில்தான் ஏதோ கோளாறு' என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

மனசில் கோளாறு இல்லை. இரண்டும் தவறான முகவரிக்குப் போன கடிதங்கள். அந்தக் குறள் துக்கத்தில் இருப்பவருக்காக எழுதப்பட்டதல்ல. அந்த ஐந்து நிலைகளோ, முதலில் சொல்லப்பட்டபோது, இழந்தவர்களைப் பற்றியவையே அல்ல. சாவைப் பற்றிய நூல்களை எல்லாம் ஒரே அலமாரியில் வைப்பதால் வரும் குழப்பம் இது. ஒவ்வொன்றும் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அதற்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. தமிழில் சாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிக முக்கியமான சில, செட்டிநாட்டு மண்ணோடும் மக்களோடும் ஒட்டியவை.

## முதலில் ஒரு பாகுபாடு

சாவைப் பேசும் எந்த நூலும் கீழ்க்கண்ட மூவரில் ஒருவரை நோக்கித்தான் பேசுகிறது.

1. என்றோ ஒருநாள் சாகப் போகிறவர். அதாவது நாம் எல்லோரும், நன்றாக இருக்கும்போது. இவருக்கான பேச்சு நிலையாமை: எதுவும் நிற்காது, அதை இப்போதே தெரிந்துகொண்டு வாழ் என்பது.

2. பின்னால் நிற்பவர். பிள்ளை, மனைவி, கணவன், நண்பன். இவருடைய பேச்சு கையறுநிலை. செய்வதற்கு எதுவும் இல்லாமல் போன நிலையைப் பாடுவது.

3. இப்போது செத்துக்கொண்டிருப்பவர். நோய் உறுதியாகிவிட்டது, மாதங்களோ வாரங்களோதான் மிச்சம். இவருக்கு நம் பழைய இலக்கணத்தில் தனிப் பெயர் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

முதல் இரண்டையும் தொல்காப்பியம் காஞ்சித்திணைக்குள் வைக்கிறது. 'நில்லா உலகம்' என்பதுதான் காஞ்சியின் அடிப்படை. ஆனால் உள்ளே போனால் நுணுக்கமான பிரிவுகள் இருக்கின்றன. "கழிந்தோர் தேஎத்து அழிபடர் உறீஇ, ஒழிந்தோர் புலம்பிய கையறுநிலை" என்பது ஒரு துறை. மனைவியை இழந்தவன் நிலை தபுதாரநிலை, கணவனை இழந்தவள் நிலை தாபதநிலை என்று அவை தனித் துறைகள். யார் யாரை இழந்தார் என்பதைப் பொறுத்துத் துக்கமும் மாறும் என்று அந்த இலக்கணம் நினைத்திருக்கிறது. இன்றைய அட்டவணைகள் பலவற்றில் இந்த விவரம் கிடையாது.

## நிலையாமை: நன்றாக இருப்பவருக்கான பாடம்

திருப்பத்தூர் வட்டாரத்தில் உள்ள மகிபாலன்பட்டிதான் பழைய பூங்குன்றம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கணியன் பூங்குன்றனாரின் ஊர். அவருடைய புறநானூற்றுப் பாட்டு (192) உலகம் முழுக்கப் போய்விட்டது. ஆனால் போனது முதல் வரி மட்டும். அது ஒற்றுமை பற்றிய பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். மூன்று வரி தள்ளிப் படித்தால் அங்கே வேறு விஷயம் நடக்கிறது:

"சாதலும் புதுவது அன்றே, வாழ்தல்
இனிதென மகிழ்ந்தன்றும் இலமே, முனிவின்
இன்னாது என்றலும் இலமே"

சாவு புதிதில்லை, வாழ்வு இனிது என்று துள்ளவும் இல்லை, வெறுத்துப்போய்த் துன்பம் என்று தள்ளவும் இல்லை. ஆற்று வெள்ளம் இழுக்கும் வழியில் போகும் தெப்பமாக உயிர் போகிறது என்கிறார். இந்தப் பாட்டின் துறை பொருண்மொழிக்காஞ்சி. தெளிந்த மனதோடு, உட்கார்ந்து யோசிப்பவருக்குச் சொல்லும் உண்மை. பாட்டில் பிணம் இல்லை, அழுகை இல்லை, யாரும் இறந்துவிடவில்லை. அந்த அமைதிக்குக் காரணமே அதுதான்.

திருக்குறளின் நிலையாமை அதிகாரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முப்பத்துநான்காம் அதிகாரம், துறவறவியலுக்குள். துறவை நோக்கி நடக்கிறவனுக்கு வழித்துணையாக வைத்த பத்துக் குறள்கள் அவை. "உறங்குவது போலுஞ் சாக்காடு" என்பது அவனுக்குச் சரி. மகளைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்து வாசல் திண்ணையில் அமர்ந்திருக்கும் தகப்பனுக்கு அது பொருந்தாது. அவனுக்காக அது எழுதப்படவும் இல்லை. நாலடியாரும் செல்வம், இளமை, யாக்கை மூன்றும் நிலையாதவை என்ற அதிகாரங்களோடுதான் தொடங்குகிறது. கல்யாணத்துக்கு ஒலித்த பறை அங்கேயே பிணப்பறையாக மாறும் காட்சி அதில் வருகிறது. சமண முனிவர்கள் இல்லறத்தாரை உலுக்கி எழுப்புவதற்காகச் செய்த பாடல்கள் அவை. ஏற்கெனவே உலுக்கப்பட்டவரை இன்னும் உலுக்குவதில் என்ன பயன்?

இந்த வகையில் செட்டிநாட்டுக்கு மிக நெருக்கமானவர் பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் மரபு. பட்டினத்தாரும் அந்தப் பட்டினத்து வணிகர், கடல் வாணிகம் செய்தவர் என்பது அவரைப் பற்றிய கதை. "காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே" என்ற வரி எல்லாவற்றையும் உதறச் செய்தது என்பார்கள். கவனித்தால் அது ஒரு வணிகருக்கே உரிய வரி. வரவு செலவுக் கணக்கை முடிக்கும்போது கைமுதலில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி. மிஞ்சுவது ஊசி கூட இல்லை, அதுவும் காது உடைந்து விலைபோகாத ஊசி.

அதே பட்டினத்தார் தாய் இறந்ததும் என்ன பாடினார்? "அன்னையிட்ட தீ அடிவயிற்றிலே, யானுமிட்ட தீ மூள்க மூள்கவே." பத்து மாதம் சுமந்ததைச் சொல்கிறார். வாயில் அரிசி போட வேண்டிய கை கூசுவதைச் சொல்கிறார், தலையில் கொள்ளி எப்படி வைப்பேன் என்று கேட்கிறார். உலகமே பொய் என்று பாடி வந்த துறவிக்கு அந்த இடத்தில் தன் தத்துவம் நினைவுக்கு வரவில்லை, அல்லது வந்தும் அதை ஒதுக்கி வைத்தார். என் கணிப்பு இரண்டாவது. ஒரே மனிதரிடம் இரண்டு குரல்கள் இருக்கின்றன. சாவைப் பற்றி யோசிக்கும்போது ஒன்று, சாவு வீட்டில் நிற்கும்போது இன்னொன்று. நம் அஞ்சலிச் சுவரொட்டிகள் முதல் குரலை எடுத்து இரண்டாவது இடத்தில் ஒட்டுகின்றன.

## கையறுநிலை: ஆறுதல் சொல்லாத ஆறுதல்

செட்டிநாட்டின் மேற்கு ஓரத்தில், சிங்கம்புணரிக்குப் பக்கம் இருக்கும் பிரான்மலைதான் பாரியின் பறம்பு. மூவேந்தர் பறம்பை முற்றுகையிட்டார்கள், பாரி இறந்தான். அவன் மகள்கள் பாடியதாகப் புறநானூற்றில் இருப்பது ஐந்தே அடி (112):

"அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்; எம்குன்றும் பிறர்கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார், யாம்எந்தையும் இலமே."

இதில் மரணம் என்ற சொல்லே இல்லை. எப்படி இறந்தான், யார் கொன்றார் என்பதும் இல்லை. போன மாதம் இதே நிலா, அப்பா இருந்தார். இந்த மாதம் இதே நிலா, அப்பா இல்லை. அவ்வளவுதான். நிலா மாறாமல் வந்து நிற்பதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

பொன்னமராவதிப் பக்கத்து ஒலியமங்கலம் பழைய ஒல்லையூர் என்கிறார்கள். அந்த ஊரின் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயில் கீரத்தனார் பாடியது 242-ஆம் பாட்டு. இளையோர் சூடவில்லை, வளையல் அணிந்தவர்கள் கொய்யவில்லை, பாணன் சூடவில்லை, பாடினி அணியவில்லை. "வல்வேல் சாத்தன் மாய்ந்த பின்றை, முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே?" பூக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று செடியைப் பார்த்துக் கோபப்படுகிறார் புலவர். துக்கத்தில் இருப்பவர்கள் பேருந்து வழக்கம்போல் ஓடுவதைப் பார்த்தும், பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி சத்தம் கேட்டும் எரிச்சல் படுவது இதே உணர்ச்சி. அது தப்பில்லை என்று இந்தப் பாட்டு உபதேசம் செய்வதில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் அப்படித்தான் இருந்தார் என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

இன்னொரு பாட்டு சேர மன்னன் ஒருவன் பாடியது (245). மனைவி சிதையில் கிடக்கிறாள். என் துன்பம் எவ்வளவு பெரிதானால் என்ன, என் உயிரைக் கொல்லும் அளவுக்கு அதற்கு வலு இல்லையே என்கிறான். "இன்னும் வாழ்வல், என்இதன் பண்பே!" இன்னும் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன தன்மை! துணையை இழந்தவர்கள் வெளியே சொல்லத் தயங்குவது இதைத்தான்: பசிக்கிறது, தூக்கம் வருகிறது, அதற்காகக் கூச்சமாக இருக்கிறது. இதை இத்தனை நேராகச் சொன்ன வரிகள் எந்த மொழியிலும் அதிகம் இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பாடல்கள் எப்படி வேலை செய்கின்றன?

1. காரணம் சொல்வதில்லை. விதி, வினை, இறைவன் திருவுளம் எதுவும் வருவதில்லை.
2. கண்ணில் படும் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்கின்றன. நிலா, முல்லை, சிதை.
3. முடிவில் தெளிவு கிடைப்பதில்லை. பாடியவர் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்.

மூன்றாவதுதான் இன்றைய வாசகருக்குப் பிடிபடாதது. புத்தகம் என்றால் கடைசியில் ஏதாவது 'கிடைக்க' வேண்டும் என்று நினைக்கிறோம். கையறுநிலை தருவது துணை மட்டும். ஒப்பாரியும் இதே வேலையைத்தான் செய்தது. இறந்தவரின் நடை, உடை, அவர் வாங்கி வந்த பண்டம், கட்டிய வீடு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழுவது அதன் முறை. அதைச் செவிவழியாகக் காப்பாற்றியவர்கள் பெண்கள். அச்சு வந்த பிறகு ஒப்பாரிப் பாடல்கள் மலிவு விலைக் குஜிலிப் புத்தகங்களாகவும் வந்தன. இந்த மாதிரி துண்டு துக்காணி அச்செல்லாம் குப்பை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்ட காலத்தில், கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகம், இதழ், அழைப்பிதழ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்தபின் அந்தத் தொகுப்பு சென்னையில் 1994-ல் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. வீட்டோடு வைத்து அழிய விட்டிருந்தால் நம் சாவுப் பாட்டுகளின் சரித்திரத்திலும் ஒரு பகுதி போயிருக்கும்.

கம்பனும் இந்த வகையில் சேர்கிறார். அவருடைய சமாதி என்று போற்றப்படும் இடம் நாட்டரசன்கோட்டையில் இருக்கிறது. 1939-ல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா அங்கே போய்த்தான் முடிகிறது. கம்பனின் புலம்பல்களில் உச்சம் மண்டோதரியுடையது. இராவணன் உடம்பில் எள் வைக்கவும் இடமில்லாமல் அம்பு துளைத்திருக்கிறது. அவள் கேட்கிறாள்:

"கள்இருக்கும் மலர்க்கூந்தல் சானகியை
மனச்சிறையில் கரந்த காதல்
உள்இருக்கும் எனக்கருதி உடல்புகுந்து
தடவியதோ ஒருவன் வாளி?"

கணவன் இன்னொருத்தி மேல் வைத்த ஆசையைப் பிணத்தின் முன்னால் சொல்லி அழுகிறாள். இறந்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்ற கட்டாயத்தைக் கம்பன் ஏற்கவில்லை. கோபமும் பாசமும் ஒரே மூச்சில் வருகின்றன. சாவு வீட்டில் உண்மையில் நடப்பதும் அதுதான்.

## தத்துவம் துக்கத்திடம் தோற்கும் இடம்

நிலையாமையைப் போதிப்பதையே நோக்கமாகக் கொண்ட காப்பியம் மணிமேகலை. அதிலேயே இந்த இரண்டு குரல்களும் மோதும் காட்சி ஒன்று இருக்கிறது, சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில். இடம் காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாடு. சார்ங்கலன் என்ற சிறுவன் அங்கே அஞ்சி உயிர் விடுகிறான். கண் தெரியாத கணவனுக்கும் அந்த மகன்தான் துணை. தாய் கோதமை பிணத்தைத் தூக்கிக்கொண்டு சம்பாபதித் தெய்வத்திடம் வந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைக் கொடு என்கிறாள்.

தெய்வம் பொறுமையாக விளக்குகிறது. உயிர் வினை வழியே போகும், திரும்பாது. உயிருக்கு உயிர் மாற்ற முடியுமென்றால், அரசர்களுக்காக உயிர் கொடுக்க ஆள் இல்லாமலா போனது? இந்தச் சுடுகாட்டிலேயே அரசர்களுக்கு ஆயிரம் கோட்டங்கள் நிற்கின்றனவே என்கிறது. அருமையான வாதம். கோதமை கேட்கவில்லை. கடவுளர் வரம் தருவார்கள் என்று நூல்கள் சொல்கின்றனவே என்று மடக்குகிறாள். அப்புறம் தெய்வம் சக்கரவாளத்துத் தேவர்கள் எல்லோரையும் வரவழைத்து, யாராலும் முடியாது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறது.

எல்லாம் கேட்ட கோதமை மகனைச் சிதையில் இட்டுவிட்டுத் தானும் இறந்துபோகிறாள். வாதத்தில் தெய்வம் வென்றது, ஆனால் அவள் பிழைக்கவில்லை. மணிமேகலையைப் பாடிய சாத்தனார் இதை மழுப்பாமல் எழுதியிருக்கிறார்.

## அந்த ஐந்து நிலைகள் எங்கிருந்து வந்தன?

சுவிட்சர்லாந்தில் பிறந்த மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ், சிகாகோவில் மரணப் படுக்கையில் இருந்த நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசினார். 1969-ல் வந்த 'ஆன் டெத் அண்ட் டையிங்' அதன் விளைவு. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்பவை அதில் வரும் ஐந்து நிலைகள். கவனிக்க வேண்டியது, இவை சாகப்போகும் நோயாளிகளிடம் அவர் கண்டவை. இழந்தவர்களுக்கு அவற்றைப் பொருத்தியது பிறகு நடந்தது. டேவிட் கெஸ்லரோடு சேர்ந்து அவர் எழுதிய துக்கம் பற்றிய நூல் 2005-ல்தான் வந்தது. அதிலும், எல்லோரும் இதே வரிசையில் போவார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. அட்டவணை போடுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

இன்னொரு வழக்கமான ஆலோசனையும் உண்டு: 'இறந்தவரை விட்டு வெளியே வா.' இதன் வேர் 1917-ல் ஃப்ராய்ட் எழுதிய கட்டுரை வரை போகும். துக்கம் என்பது இறந்தவர் மேல் வைத்த பிடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கும் வேலை என்றார் அவர். 1996-ல் வெளிவந்த 'கண்டினியூயிங் பாண்ட்ஸ்' என்ற ஆய்வுத் தொகுப்பு இதை மறுத்தது. பெரும்பாலானவர்கள் உறவை அறுப்பதில்லை, அதன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறார்கள், அதில் நோய் எதுவும் இல்லை என்றது. பங்காளிகள் கூடி முன்னோர்க்குப் புதுத்துணி வைத்துப் படைக்கும் 'படைப்பு' வழக்கம் உள்ள ஊரில் இது செய்தியே அல்ல. மேற்கத்திய ஆய்வு வந்து சேர்ந்த இடத்தில் நம் ஆச்சிமார்கள் முன்பே இருந்தார்கள்.

## மூன்றாமவர்: இப்போது செத்துக்கொண்டிருப்பவர்

சங்க இலக்கியத்தில் தன் சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர் வடக்கிருப்பவர்தான், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் விடுகிறவர். பாரி இறந்தபின் கபிலர் வடக்கிருந்தார். மறுமையிலும் உன்னோடு பிரியாமல் இருக்க ஊழ் அருளட்டும் என்று அவர் பாடியது 236-ஆம் பாட்டு. ஆனால் அது தானே தேர்ந்துகொண்ட சாவு. காய்ச்சலிலும் போரிலும் பிரசவத்திலும் போனவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்க நேரம் இருக்கவில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும் சாவு பெருவாரியானது நவீன மருத்துவத்தோடுதான். இந்த வகைக்குப் பழைய இலக்கணத்தில் பெயர் இல்லாததற்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1886-ல் தல்ஸ்தோய் எழுதிய 'இவான் இலியிச்சின் மரணம்' இந்த இடத்தைத் திறந்து வைத்தது. நீதித்துறை அதிகாரி ஒருவர் நோயில் விழுகிறார். மனைவி, மருத்துவர், நண்பர்கள் எல்லோரும் 'சரியாகிவிடும்' என்று நடிக்கிறார்கள். வலியைவிட அந்த நடிப்புத்தான் அவரை வதைக்கிறது. கெராசிம் என்ற வேலைக்காரன் மட்டும் பொய் சொல்வதில்லை. அவர் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். 'அப்பாவிடம் கேன்சர் என்று சொல்லிவிடாதீர்கள் டாக்டர்' என்று வராந்தாவில் கிசுகிசுக்கும் நம் குடும்பங்கள் படிக்க வேண்டிய கதை.

அண்மைக் காலத்தில் மருத்துவர்களே எழுதத் தொடங்கினார்கள். நரம்பியல் அறுவை மருத்துவர் பால் கலாநிதிக்கு 36 வயதில் நுரையீரல் புற்றுநோய். அவர் 2015-ல் இறந்தார், முடிக்காமல் விட்ட நூல் மனைவி எழுதிய பின்னுரையோடு 2016-ல் வந்தது. 2014-ல் வந்த அதுல் கவாண்டேயின் 'பீயிங் மார்ட்டல்' நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளைப் பற்றியது. உங்களுக்கு எது முக்கியம், எதை இழக்கச் சம்மதிப்பீர்கள், எதை இழக்க மாட்டீர்கள்? மருத்துவமனைகள் இதைக் கேட்காமலேயே அடுத்த சிகிச்சைக்குப் போய்விடுகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு.

இந்தக் கேள்விகள் இப்போது சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டன. செய்திகளில் வந்து பலரைக் குழப்பிய 'லிவிங் வில்' விஷயம் இதுதான். சுருக்கமாக:

1. கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் தீர்ப்பளித்தது. குணமாகும் வாய்ப்பில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகளையும் சிகிச்சையையும் நிறுத்துவதை அனுமதித்தது. ஊசி போட்டு உயிரை எடுப்பது அனுமதிக்கப்படவில்லை.
2. பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனதோடு இருப்பவர் தன் விருப்பத்தை முன்கூட்டி எழுதி வைக்கலாம். முதலில் இதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023-ல் அது தளர்ந்து, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றானது.
3. எழுதியவர் பேச முடியாத நிலைக்குப் போனால் முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரையும் அதில் குறிக்கலாம், ஒருவருக்கு மேலும் குறிக்கலாம். அதன்பிறகும் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும்.

செட்டிநாட்டில் இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. பல பெரிய வீடுகளில் இன்று இருப்பது வயதான ஒருவரோ இருவரோதான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். தூரத்துச் சாவு இந்த ஊர்களுக்குப் புதிதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருடக் கணக்குக்குப் போனவர்களில் சிலர் அங்கேயே முடிந்தார்கள், செய்தி கடிதமாகவும் தந்தியாகவும் வந்தது. சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் இந்தோனேசிய மண்ணில், ஊர் நினைவுகளோடு மடிகிறான். அன்று அக்கரைக்குப் போனவர் செத்தார், வீடு காத்திருந்தது. இன்று வீட்டில் இருப்பவர் சாகிறார், அக்கரையில் இருப்பவர்கள் வீடியோ அழைப்பில் 'எது வேண்டுமானாலும் செய்யுங்கள் டாக்டர்' என்கிறார்கள். அறுபதுக்கும் எண்பதுக்கும் சாந்தி செய்யத் தேதி குறிக்கிறோம், சொத்துக்கு உயில் எழுதுகிறோம். வென்டிலேட்டர் வைக்கலாமா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அபசகுனம்.

## எந்த நூலை எப்போது?

விதி எதுவும் கிடையாது. ஆனால் இதுவரை சொன்னதிலிருந்து சில யோசனைகள் வருகின்றன.

1. சாவு நடந்த முதல் வாரத்தில் எந்தப் புத்தகமும் வேண்டாம். வீட்டில் சிவபுராணம் ஓதும் வழக்கம் இருந்தால் அது நடக்கட்டும். அது வாசிப்பில் சேராது, கூடி உட்காருவதற்கு ஒரு வழி.
2. சில மாதம் கழித்து, வந்தவர்கள் எல்லாம் போய்விட்ட பிறகு, புறநானூற்றின் 112, 242, 245. மூன்றும் சேர்ந்து ஒரு பக்கம்தான். உரையோடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.
3. குறளின் நிலையாமை, பூங்குன்றனார், பட்டினத்தாரின் உலகியல் பாடல்கள் எல்லாம் கல்யாண வீட்டில் படிக்கத் தகுந்தவை என்பேன். கேலிக்காகச் சொல்லவில்லை, அவை எழுதப்பட்டதே நன்றாக இருப்பவர்களுக்கு.
4. நோயாளி தானே பேச விரும்பினால் தல்ஸ்தோய், கவாண்டே. அவர் பேச்சை எடுக்காதவரை நாம் நீட்டக்கூடாது.

நாலாவதாக ஒரு ஆளை இதுவரை விட்டுவிட்டோம்: பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். மருந்து நேரம், படுக்கைப் புண், இரவு விழிப்பு எல்லாம் இவர் தலையில். தமிழில் இவரை நேராகப் பார்த்தவர் புதுமைப்பித்தன். 'செல்லம்மாள்' கதையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்குச் சமைத்துப் போட்டு, வேலைக்கும் ஓடி, கடைசியில் அவள் மூச்சு நின்றபின் துக்கமும் விடுதலையும் பிரிக்க முடியாத ஒரு நிலையில் நிற்கிறார். அந்த விடுதலை உணர்ச்சியைக் குற்றமாக ஆக்காமல் எழுதியது அந்தக் கதையின் துணிச்சல்.

அது கதை. பார்த்துக்கொள்பவர் கையில் வைத்துக்கொள்ளத் தமிழில் இன்னும் பல நூல்கள் வர வேண்டும். வலி தணிக்கும் மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கப் போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் கொண்டுவந்த திருத்தத்தால் நோயாளிக்கு என்ன பயன், சாப்பாடு இறங்காதபோது வற்புறுத்தலாமா, கடைசி நாட்களில் மூச்சு ஏன் அப்படி இரைகிறது, எந்த நேரத்தில் யாருக்குப் போன் செய்வது, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வது எப்படி என்பதையெல்லாம், முற்றமும் பட்டாலையும் உள்ள வீட்டில் தனியாக ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் அறுபது வயது மருமகளுக்குப் புரியும்படி சொல்லும் நூல்கள்.